பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் முன் காலண்டரைத் திறந்து பாருங்கள்: பெங்களூர் டீம் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் ஐடி நிறுவனங்களில் டீம் லீடாகவும் மேனேஜராகவும் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

அப்ரைசல் படிவங்கள் திறக்கும் காலம் இது. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படிவங்களில் ஒரு வரி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ‘நேர மேலாண்மையில் முன்னேற்றம் தேவை.’ எழுதிய கையோடு அந்த ஆளை ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறீர்கள். அங்கே நான்கு கட்டம் போட்டு எது அவசரம், எது முக்கியம் என்று பிரிக்கச் சொல்லித்தருவார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்பார்கள். திங்கட்கிழமை அவர் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தால் பத்தரைக்கு ஒரு மீட்டிங், பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங். இரண்டையும் வைத்தது நீங்கள்.

வெளிவட்டச் சாலையிலும் வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் திட்ட ஒருங்கிணைப்பு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அட்டவணை போடுவதும், போட்டது ஏன் தவறியது என்று தோண்டுவதும்தான் எங்கள் தொழில். குழுவில் இருக்கும் ஒருவருடைய வேலை நேரத்தில் பாதிக்கு மேல் அவர் கையில் இருப்பதில்லை, லீடின் கையில் இருக்கிறது. அதனால் திருத்தத்தையும் உங்கள் மேஜையிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்கிறோம்.

முதலில் ஒரு சாதாரண நாளின் கணக்கு. காலை 9:30 முதல் மாலை 6:30 வரை ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு 1 முதல் 2 வரை. 10:30-க்கு அரை மணி, 11:30-க்கு அரை மணி, 2:30-க்கு ஒரு மணி, 4:30-க்கு அரை மணி என்று நான்கு மீட்டிங். மொத்தம் இரண்டரை மணி நேரம்தான். மீதி ஐந்தரை மணி நேரம் இருக்கிறதே, அதில் வேலை ஏன் முடியவில்லை என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. அந்த ஐந்தரை எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள்: ஒரு மணி, அரை மணி, ஒரு மணி, அரை மணி, ஒரு மணி, கடைசியில் ஆள் களைத்துப்போன பிறகு ஒன்றரை மணி. ஆறு துண்டு. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்திலும் இல்லை.

இதே நான்கு மீட்டிங்கையும் பிற்பகல் 2 முதல் 4:30 வரை அடுத்தடுத்து வைத்துவிட்டால்? காலையில் மூன்றரை மணி நேரம் முழுதாகக் கிடைக்கும், மாலையில் இரண்டு மணி நேரம். கூட்டினால் அதே ஐந்தரைதான். ஒரு மீட்டிங்கைக்கூட நீங்கள் ரத்து செய்யவில்லை, யாரிடமும் சண்டை போடவில்லை. ஆனால் ஒரு சிக்கலான பக்கை (நிரல் பிழையை)த் துரத்திப் பிடிக்கவோ, ஒரு வடிவமைப்பு ஆவணத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுதவோ இந்த நாளில் முடியும், முந்தைய நாளில் முடியாது.

துண்டு நேரம் வீணாவதற்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அரை மணி இடைவெளியில் ஒருவர் நிரலை (கோடு) திறந்து, எங்கே விட்டோம் என்று தேடி, நான்கு கோப்புகளை மனதில் ஏற்றுவதற்குள் அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் என்று மணி அடித்துவிடும். இது தெரிந்தவர்கள் அந்த இடைவெளியில் கனமான வேலையைத் தொடவே மாட்டார்கள். மெயில் பார்ப்பார்கள், டைம்ஷீட் நிரப்புவார்கள், கீழே போய் டீ குடிப்பார்கள். புத்திசாலித்தனம்தான் அது.

மீட்டிங்கை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்பதற்கு இந்த ஊரின் கடிகாரமே பாதி விடை சொல்லிவிடுகிறது. லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1:30, குளிர்காலத்தில் 2:30. ஜெர்மனியின் ஒன்பது நமக்கு 12:30 அல்லது 1:30. ஐரோப்பிய க்ளையண்ட் வைத்திருக்கும் குழுவுக்குக் காலை முழுக்க யாரும் தொந்தரவு செய்ய முடியாத நேரம், கேட்காமலே கிடைத்தது. அதைப் பத்து மணி ஸ்டாண்ட்-அப் (குழுவின் தினசரிக் குறுங்கூட்டம்), பதினொரு மணி உள் ஆய்வு என்று நாமே நறுக்கிப் போடுகிறோம். ஸ்டாண்ட்-அப்பைச் சாப்பாட்டுக்கு முன், 12:45-க்கு வையுங்கள். பசி இருப்பதால் பதினைந்து நிமிடத்தில் முடிந்தும்விடும். ‘காலையில் பேசினால்தானே அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியும்’ என்பீர்கள். முந்தைய நாள் மதியம் பேசியதில் அது தெரிந்துவிடும்.

அமெரிக்க மேற்குக் கரை க்ளையண்ட் என்றால் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோவின் காலை ஒன்பது நமக்கு இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. அந்த நேரத்தில் நடக்கும் கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்துவிட்டு நள்ளிரவுக்குப் படுத்தவரை மறுநாள் 9:30-க்கு ஸ்டாண்ட்-அப்பில் கேமராவைப் போடச் சொல்வது அநியாயம் மட்டுமில்லை, அன்றைய வேலையையும் கெடுப்பது. இரவு பத்து மணிக்கு மேல் கால் இருந்தவருக்கு மறுநாள் பதினொரு மணிக்கு முன் எதுவும் இல்லை என்று எழுதிவையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் பிள்ளைகள் ‘பரவாயில்லைங்க, வந்துடறேன்’ என்றுதான் சொல்வார்கள். 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் இயல்பு வேலை நேரத்தை நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்திருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறோம். காலை 9:30-க்குத் தொடங்கி இரவு 11:30-க்கு முடிக்கும் நாள் அந்தக் கணக்கில் எங்கே உட்காரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடிகாரம் பற்றி இன்னொன்று. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். அதுவும் ஒரே நாளில் இல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. 2026-இல் அவை மார்ச் 8, மார்ச் 29. நடுவில் உள்ள மூன்று வாரம்தான் மோதல் நடக்கும் காலம். நியூயார்க்கிலிருந்து ஒருவர் அங்கத்திய காலை 9 மணிக்கு வைத்த கால் நமக்கு அதுவரை இரவு 7:30-க்கு வந்துகொண்டிருந்தது, மார்ச் 8-க்குப் பிறகு 6:30-க்கு வரும். லண்டன்காரர் பகல் ஒரு மணிக்கு வைத்த கால் ஏற்கெனவே நமக்கு 6:30. அது மார்ச் 29 வரை நகராது. மூன்று வாரம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நீங்கள் இங்கிருந்து அனுப்பிய அழைப்பு மட்டும் நமக்கு மாறாது, எதிர்ப்பக்கத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், க்ளையண்ட் வந்து சேர மாட்டார். அழைப்பை உருவாக்கியவரின் நேர மண்டலத்தில்தான் அது ஆணியடித்து நிற்கிறது என்பது காரணம். மார்ச் முதல் வெள்ளியன்று அடுத்த நான்கு வாரக் காலண்டரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து மோதுவதை முன்கூட்டியே நகர்த்திவிட்டால் போதும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் பின்னோக்கி வைக்கிறார்கள். அங்கே மோதல் ஒரு வாரம்தான்.

இனி அழைப்புக்கு வருவோம். ‘டிஸ்கஷன்’, ‘கேட்ச்-அப்’, ‘க்விக் சிங்க்’ என்று தலைப்பு வைத்த அழைப்புகளை என்ன சொல்ல! எதை முடிவு செய்யப்போகிறோம் என்பதைக் கேள்வியாக எழுதுங்கள்: ‘பேமென்ட் மாட்யூலை இந்த ரிலீஸில் சேர்ப்பதா, அடுத்ததற்குத் தள்ளுவதா?’ முடிவெடுப்பவர் யார் என்று ஒரு பெயர். படிக்க வேண்டியது இருந்தால் முந்தைய நாளே இணைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுத முடியவில்லை என்றால் அதற்கு மீட்டிங் வேண்டியதில்லை, ஒரு மெயில் போதும். ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பாருங்கள். ஒன்பது பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் ஒன்பது மணி நேரம், அதாவது ஒரு ஆளின் முழுநாளுக்கு மேல். அதில் ஐந்து பேர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அழைக்கப்பட்டவர்கள். வருவது அவர்கள் விருப்பம் என்று குறித்துவிட்டு, முடிந்ததும் நான்கு வரிக் குறிப்பை அனுப்புங்கள். அவர்கள் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமலும் இருங்கள். விருப்பம் என்று போட்டுவிட்டு ‘ஏன் வரல?’ என்று கேட்கும் லீடை நம்பி அடுத்த முறை யாரும் வராமல் இருக்க மாட்டார்கள்.

கூகுள் காலண்டரில் ஸ்பீடி மீட்டிங்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. போட்டுவிட்டால் அரை மணி 25 நிமிடமாகவும் ஒரு மணி 50 நிமிடமாகவும் ஆகும். அவுட்லுக்கிலும் இதே வசதி உண்டு, அங்கே முன்னதாக முடிப்பதா, தாமதமாகத் தொடங்குவதா என்று தேர்ந்தெடுக்கலாம். தாமதமாகத் தொடங்குவதையே தேர்ந்தெடுங்கள். 10:55-க்கு முடிய வேண்டியது எந்த ஆபீஸிலும் 10:55-க்கு முடிந்ததில்லை. 11:05-க்குத் தொடங்குவதாக இருந்தால் அந்த ஐந்து நிமிடம் உண்மையிலேயே கிடைக்கும்.

வாராவாரம் திரும்ப வரும் மீட்டிங்குக்குக் கட்டாயமாக முடிவுத் தேதி போடுங்கள், எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு முன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டவர் வைத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் ஏன் கூடுகிறோம் என்று தெரியாமல் கூடிக்கொண்டிருக்கும் குழுக்கள் இந்த ஊரில் ஏராளம்.

மீட்டிங்குக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தின்பது, ஒரே சமயத்தில் திறந்து கிடக்கும் வேலைகள். இங்கே கணக்கு கொஞ்சம் விரிவாகவே வேண்டியிருக்கிறது.

ஐந்து பேர் குழு. வேலைகளைப் பட்டியலிடும் போர்டில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பத்தியில் 30 டிக்கெட், அதாவது பதிவான 30 தனித்தனி வேலை. வாரத்துக்கு ஆறு முடிகிறது. அப்படியானால் ஒரு டிக்கெட் உள்ளே நுழைந்து வெளியே வர சராசரியாக ஐந்து வாரம். ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது: உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் சராசரி காத்திருப்பு நேரம். வங்கி வரிசைக்கும் பொருந்தும், ஜிரா மென்பொருளில் இருக்கும் உங்கள் போர்டுக்கும் பொருந்தும். ‘எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்சிடுங்க, ஒண்ணொண்ணா முடிச்சுக்கலாம்’ என்று நீங்கள் சொன்ன நாளில் முடியும் வேகம் ஏறவில்லை, உள்ளே இருக்கும் எண்ணிக்கைதான் ஏறியது. க்ளையண்டுக்குக் கிடைக்கும் தேதி அவ்வளவுக்குத் தள்ளிப்போனது.

ஆளுக்கு இரண்டு, ரிவ்யூவில் (இன்னொருவர் சரிபார்க்க) காத்திருப்பதற்கு இரண்டு என்று மொத்தம் 12-க்குள் நிறுத்துங்கள். அதே வாரத்துக்கு ஆறு என்ற வேகத்தில் சராசரி இரண்டு வாரமாகிவிடும். 12 நிரம்பிவிட்டால், கை காலியாக இருப்பவர் புதிதாக ஒன்றைத் திறக்கக் கூடாது. முடியும் தறுவாயில் இருக்கும் ஒன்றுக்குக் கைகொடுக்க வேண்டும்: ரிவ்யூ பார்க்கலாம், டெஸ்ட் ஓட்டலாம், க்ளையண்டுக்கு நினைவூட்டல் அனுப்பலாம். ஸ்டாண்ட்-அப்பையும் இதே போக்கில் நடத்துங்கள். ஆள் ஆளாக ‘நேற்று என்ன செய்தாய்’ என்று கேட்டால் எல்லோரும் உங்களைப் பார்த்து ஒப்பிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்ப்பார். போர்டின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து தொடங்கி இடதுபக்கம் வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது நகர என்ன வேண்டும்? நின்றுபோன டிக்கெட்டுக்குத் தனிப் பத்தி வைத்து, யாருக்காகக் காத்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். நின்றுபோகும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: கோடு ரிவ்யூ, க்ளையண்ட் பதில், ஏதோ ஒரு சிஸ்டத்துக்கு அனுமதி. மூன்றில் இரண்டைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, டெவலப்பரிடம் இல்லை.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். போர்டில் 12 இருக்கும், ஆனால் ஆட்கள் உண்மையில் 20 வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதி எட்டும் நீங்கள் வாட்ஸ்அப்பில் ‘சும்மா ஒரு தடவ பாத்துடு’ என்று கொடுத்தவை. டிக்கெட் இல்லாமல் எந்த வேலையும் கொடுப்பதில்லை என்று முதலில் நீங்கள் கட்டுப்படாவிட்டால் வரம்பு வெறும் அலங்காரம்.

ஸ்ப்ரிண்ட் (இரண்டு வார வேலைச் சுற்று) திட்டத்தில் ஆளுக்கு எவ்வளவு ஏற்றுவது? பத்து வேலை நாள், நாளுக்கு எட்டு மணி, மொத்தம் 80 என்று எக்ஸெல் சொல்லும். நாளுக்கு இரண்டரை மணி மீட்டிங் என்றால் 25 போய்விட்டது. மீதி 55. திடீரென்று வந்து விழும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 11, ஒதுக்குங்கள். மிச்சம் 44. இந்த 44-க்குத்தான் திட்டம் போட முடியும். 80-க்குப் போட்டுவிட்டு ‘ஸ்பில்-ஓவர்’ (முடியாமல் அடுத்த சுற்றுக்கு வழிந்தது) என்று ஒவ்வொரு ஸ்ப்ரிண்டிலும் வருத்தப்படுவதில் பயனில்லை.

ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது மேலிடத்துக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். வரிசைக் கோட்பாட்டின் எளிய வாய்பாட்டைக் காட்டுங்கள். வேலைகள் ஒழுங்கின்றி வந்து விழும் இடத்தில், ஆள் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலைக்கான நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது, 95 என்றால் பத்தொன்பது மடங்கு. சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறரைக்கு நின்றவர்களுக்கு இது புரியும். சாலை கிட்டத்தட்ட நிரம்பியபின் கூடுதலாக நுழையும் சில வண்டிகள் மொத்தத்தையும் நிறுத்திவிடுகின்றன.

மதிப்பீடு கேட்கும் முறையும் மாற வேண்டும். நடந்துபோகிற போக்கில் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ‘எப்ப முடியும்?’ என்றால் ‘வெள்ளிக்குள்ள முடிச்சிடலாம்ங்க’ என்றுதான் பதில் வரும். அது மரியாதை, மதிப்பீடு இல்லை. நேர்மையாகக் கணக்குப் போட்டாலும் மனிதர்கள் குறைத்தே சொல்வார்கள். 1994-இல் உளவியலாளர்கள் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்கள் எடுத்துக்கொண்டது 55.5 நாள். ஆகவே வருங்காலத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்: ‘இதே மாதிரி வேலை கடைசியா மூணு செஞ்சோமே, ஒவ்வொண்ணும் எத்தனை நாள் எடுத்துச்சு? இதுல யாருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்?’ மூன்றில் மிக அதிகம் எடுத்ததை க்ளையண்டுக்குச் சொல்லுங்கள். புதிய வகை வேலை, ஒப்பிட ஒன்றும் இல்லை என்றால் இரண்டு நாள் மட்டும் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். அதன் பிறகு தேதி.

செய்திகள். ஸ்லாக், டீம்ஸ், வாட்ஸ்அப், மெயில் நான்கிலும் ஒரே அவசரத்தோடு கேள்வி வருவதால் நான்கையும் எல்லோரும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எதற்கு எவ்வளவு நேரத்தில் பதில் என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் பரிந்துரை: போன் என்றால் உடனே, சேட் என்றால் நான்கு மணி நேரத்துக்குள், மெயில் என்றால் மறுநாள் மாலைக்குள், டிக்கெட் என்றால் அடுத்த திட்டக் கூட்டத்தில். புரொடக்‌ஷன் (க்ளையண்ட் பயன்படுத்தும் நேரடி சிஸ்டம்) விழுந்தால் போன் செய்யுங்கள், மற்றதற்கு யாரும் போன் எடுக்க வேண்டாம். ‘ஹாய்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை உங்களிடமிருந்தே நிறுத்துங்கள். லீடிடமிருந்து வெறும் ‘ஹாய்’ வந்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். முழுக் கேள்வியையும், எப்போது பதில் வேண்டும் என்பதையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். இரவு 11:30-க்குத்தான் உங்களுக்கு யோசனை வருகிறதா? எழுதுங்கள், தப்பில்லை. நேரம் குறித்து அனுப்பும் வசதியில் காலை 9:30-க்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள். ‘அவசரம் இல்லை, மெதுவா பாருங்க’ என்று இரவில் எழுதினாலும் அதை மெதுவாகப் பார்க்கும் துணிச்சல் உங்களுக்குக் கீழே இருப்பவருக்கு வராது.

‘ஒரு சின்ன டவுட்’ என்று மற்றக் குழுக்களிலிருந்து வருபவர்களுக்கு நாளுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அன்று அவர் அத்தனை குறுக்கீட்டையும் வாங்கிக்கொள்வார், மற்ற நால்வர் பக்கம் யாரும் போகக் கூடாது. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக இது கெடும் விதம்: குழுவில் எல்லாம் தெரிந்த ஒருவர் இருப்பார், முறை யாருடையதாக இருந்தாலும் கேள்விகள் அவரிடமே போகும். முதல் மாதம் அவரை முறையாளின் பக்கத்தில் உட்காரவைத்து, பதிலை முறையாளே தட்டச்சு செய்யட்டும் என்று விடுங்கள். திரும்பத் திரும்ப வந்த பத்துக் கேள்விகள் ஒரு பக்கக் குறிப்பாகிவிடும்.

இந்த ஊரில் நம் ஆட்களுக்கென்று ஒரு வார நடை இருக்கிறது, அதை மறந்து போடும் அட்டவணை நிற்காது. வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவிலோ சாந்திநகரிலோ பேருந்து பிடித்து சேலத்துக்கும் கோவைக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் ஐந்து மணிக்கே மனதளவில் கிளம்பிவிட்டிருப்பார்கள். திங்கட்கிழமை விடிகாலை ஓசூர் சாலையில் ஊர்ந்துவந்து, குளித்து, ஆபீஸ் சேர்வார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்தபின் பொம்மசந்திராவிலேயே இறங்கி ரயில் பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் தேவலை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு முன் மீட்டிங் வேண்டாம். வெள்ளி நான்கு மணிக்கு ஆளுக்கு மூன்று வரி ஒப்படைப்புக் குறிப்பு: எங்கே நிற்கிறது, அடுத்து செய்ய வேண்டிய முதல் காரியம் எது, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறது. இரண்டாவது வரிதான் முக்கியம். ‘லாகின் பக் பார்க்கணும்’ என்று எழுதினால் திங்கட்கிழமை அரை மணி நேரம் தேடலில் போகும். ‘டோக்கன் காலாவதியாகும் இடத்தில் லாக் போட்டு மறுபடி ஓட்டணும்’ என்று எழுதினால் நேரே கை வைக்கலாம்.

விடுப்பும் அப்படித்தான். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவர் நவம்பர் நடுவிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார். விடுப்புத் தாளை அப்போதே சுற்றவிடாமல் ஜனவரி ஒன்பதாம் தேதி கேட்டு, பாதிக் குழு இல்லை என்று அதிர்ச்சியடைவதில் நியாயமில்லை. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒருநாள் விடுமுறை என்று காலண்டர் சொல்லும். நம் ஆட்களுக்கு அது போகி முதல் காணும் பொங்கல் வரை.

தனிநபர்கள் செய்ய வேண்டியவை பற்றி எங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. பட்டியல் ஒன்று போதும், செயலி எதுவானாலும் சரி, நோட்டுப் புத்தகமானாலும் சரி. இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டையும் நம்ப முடியாது. பிறருக்காகக் காத்திருப்பவற்றைத் தனியே எழுத வேண்டும், கிளம்பும் முன் பத்து நிமிடம் மறுநாளுக்கு. 25 நிமிட டைமர் வைத்துக்கொள்வது சிலருக்கு உதவும், கனமான வேலை செய்பவர்களுக்குச் சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடித்து எரிச்சலூட்டும். அவரவர் வசதி.

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்லும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். குழு முழுவதும் அதே மூன்று நாள் வரட்டும், பேச வேண்டியதெல்லாம் அந்த நாட்களில் நடக்கட்டும், வீட்டு நாட்கள் இரண்டும் மீட்டிங் இல்லாமல் இருக்கட்டும். ஆளுக்கொரு நாள் வந்தால், மாரத்தஹள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று ஆபீஸ் சேர்ந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவரோடு டீம்ஸில் பேசிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் அமல்படுத்த வேண்டாம். எது பலித்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். முதல் இரண்டு வாரம் மீட்டிங் நேரத்தை மட்டும் பிற்பகலுக்கு நகர்த்துங்கள். ஒவ்வொருவரின் காலண்டரிலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வெற்றுத் துண்டுகள் வாரத்துக்கு எத்தனை என்று முன்பும் பின்பும் எண்ணுங்கள். எட்டுக்கு மேல் வந்தால் நல்ல நிலை. அடுத்த இரண்டு வாரம் டிக்கெட் வரம்பு. அதற்குத் திறந்து கிடக்கும் டிக்கெட்டுகளின் வயதைப் பாருங்கள், முடிந்தவற்றின் எண்ணிக்கையை அல்ல. முடிந்தவற்றை எண்ணத் தொடங்கினால் ஆட்கள் ஒரு டிக்கெட்டை மூன்றாக உடைத்துக் காட்டுவார்கள். செய்தி விதிகள் அதற்குப் பிறகு.

மூன்றாவது வாரம் வாக்கில் க்ளையண்ட் பக்கத்து இயக்குநர் ஒருவர் காலை 11 மணிக்கு நேரம் கேட்பார். நீங்களும் கொடுத்துவிடுவீர்கள், கொடுக்கவும் வேண்டியிருக்கும். அதற்குக் குழுவில் ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள், மற்றவர்களின் காலையைத் தொடாதீர்கள். அந்த ஒருவருக்கு அன்று பிற்பகலில் அதே அளவு நேரத்தைக் காலண்டரில் பூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பெங்களூரில் திட்ட ஒருங்கிணைப்புப் பணியில் இருக்கும் தமிழர் சிலர்